வார்டு கணக்கு போதாது, தெருக் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை தொடங்கியதும் சென்னையில் எந்த மண்டலத்தில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று உங்கள் நாளிதழில் ஒரு செய்தி வந்திருந்தது. அதைப் படித்த நாளிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருப்பதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் வியாசர்பாடியில் 31 வருடமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். டாக்டர் இல்லை, டிப்ளமோ படித்த பார்மசிஸ்ட். ஆனால் எங்கள் பக்கத்தில் எந்தத் தெருவில் என்ன நோவு ஓடுகிறது என்பது கடைக்கு உள்ளே நிற்கிற எனக்கு ஓரளவு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நோயை மண்டலக் கணக்காகவும் வார்டு கணக்காகவும் பார்ப்பது போதவில்லை. தெருத் தெருவாகப் பார்க்க வேண்டும். பார்க்கும்போது நோயை மட்டும் குறித்தாலும் போதாது. அந்தத் தெருவுக்குத் தண்ணீர் எப்படி வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது, ஒரு அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், என்ன வேலைக்குப் போகிறார்கள் என்பதும் அதே வரைபடத்தில் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

என் கல்லா மேசையில் ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது. மாத்திரை அட்டையை வெட்டித் தருவதற்கு. ரோட்டுக்கு மேற்கே உள்ள தெருக்களில் ரயில்வேயிலும் பள்ளிக்கூடத்திலும் பேங்கிலும் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். மாதம் பிறந்து ஒன்று, இரண்டு தேதிக்குள் வந்து சுகருக்கும் பிரஷருக்கும் ஒரு மாத மாத்திரையை அட்டை அட்டையாக வாங்கிப் போவார்கள். அவர்களுக்குக் கத்தரிக்கோலே தேவைப்படாது. கிழக்கே, கால்வாய்ப் பக்கத்துத் தெருக்களில் மூட்டை தூக்குகிறவர்கள், சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவர்கள். சாயங்காலம் கூலி கையில் வந்ததும் வருவார்கள். "ரெண்டு நாளைக்கு மட்டும் குடுங்கண்ணா" என்பார்கள். வேலை கிடைத்த நாளில் நான்கு மாத்திரை. வேலை கிடைக்காத நாளில் சுகர் மாத்திரையும் கிடையாது.

அட்டையை வெட்டும்போது காலாவதித் தேதி அச்சிட்ட முனையைக் கடைசி வரை விட்டுவைத்து, மறுமுனையிலிருந்துதான் வெட்டுவோம். தொழிலில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம், மீதி அட்டைக்குத் தேதி தெரிய வேண்டுமே. அதனால் தேதி என் டப்பாவில் தங்கிவிடும். வாங்கிப் போகிறவர் கையில் இருப்பது தேதி இல்லாத துண்டு. ஒரே மெட்பார்மின் சுகர் மாத்திரை, ஒரே 500 மில்லிகிராம், ஒரே டாக்டர் எழுதிய சீட்டு. ஆனால் ஒருவர் 30 நாளும் சாப்பிடுகிறார், இன்னொருவர் 15 நாள்கூடச் சாப்பிடுவதில்லை. ஆறேழு வருடம் கழித்துக் காலில் ஆறாத புண்ணோடு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏறுகிறவர் எந்தத் தெருக்காரராக இருப்பார் என்று நான் இன்றைக்கே சொல்ல முடியும். அவருக்கு அக்கறை இல்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிந்து வந்து, சோற்றுக்கு வைத்த காசில் மாத்திரைக்கு எடுத்துக் கொடுக்கிறவருக்கு அக்கறை இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

இங்கே ஒரு நல்லதையும் சொல்லியாக வேண்டும். 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த பிறகு சுகர், பிரஷர் மாத்திரை பலருக்கு வீட்டுக்கே போகிறது. என் கடையில் அந்த வியாபாரம் குறைந்தது. குறையட்டும், நல்லதுதான். கத்தரிக்கோலை எடுக்கும் தடவை குறைந்தால் எனக்குச் சந்தோஷமே.

இனி கடன் நோட்டுக்கு வருகிறேன். கடையில் ஒரு நீளமான நோட்டு உண்டு. யாருக்குக் கடன் என்று பெயரோடு தெரு, வீடும் குறித்திருப்பேன். எட்டு வருடம் முன்பு, ஐப்பசி மழை விட்ட வாரம். இரவு பத்து மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். ஒரு பெண் குனிந்து உள்ளே வந்தார். இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை, கண் உள்ளே போயிருந்தது. பேதிக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற உப்பு-சர்க்கரைத் தூளான ஓஆர்எஸ் இரண்டு பாக்கெட்டும் ஜிங்க் மருந்தும் கொடுத்து, விடிகிற வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். நோட்டில் எழுதும்போது மேலே பார்த்தேன். அந்த வாரத்தில் ஓஆர்எஸ் என்று 14 வரி. அதில் 11 வரி ஒரே சந்து. அந்தப் பதினொன்றும் சந்தின் ஒரே பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டு அந்தச் சந்துக்குப் போனேன். நாற்பது வீடு இருக்கும். ஒரு வீட்டு வாசலில் குடிநீர்க் குழாயில் பொருத்திய அடிபம்பை அடித்துக் காட்டினார்கள். முதல் குடம் டீ டிகாஷனில் தண்ணீர் கலந்த நிறம். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனால் சாக்கடை வாடை. மூன்றாவது குடத்திலிருந்து தெளிவு. "மொத ரெண்டு குடம் கீழ ஊத்திடுவோம்ணா, அப்புறம் நல்லா வரும்" என்றார் ஒரு அம்மா, அது ஊரெங்கும் நடக்கிற வழக்கம் என்பதுபோல. எதிர்ப்பக்கத்து வீடுகளுக்கு வேறு குழாய். அங்கே முதல் குடமே தெளிவாக வந்தது. சந்து திரும்புகிற முனையில் மழைநீர் முழங்கால் அளவு தேங்கி நின்றது. அதற்கு அடியில்தான் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் ஒன்றையொன்று தாண்டிப் போகின்றன என்று அங்கே 40 வருடமாக இருக்கிற ஒரு பெரியவர் கையால் கோடு போட்டுக் காட்டினார்.

சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு எழுதிக் கொண்டு போனேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்கள் வார்டில் வயிற்றுப்போக்கு வழக்கமான அளவில்தான் இருக்கிறது, கூடவில்லை" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. சென்னையில் 200 வார்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் பார்த்தாலே ஒரு வார்டுக்குச் சராசரி 33 ஆயிரம் பேர். அதற்குள் நாற்பது வீட்டில் ஒரு பக்கத்துக்கு வந்த வாந்தி பேதி எங்கே தெரியும்? மேற்குத் தெருக்களின் ஆரோக்கியத்தில் அது கரைந்துபோய்விடுகிறது. முனையில் தோண்டிக் குழாயை மாற்ற மூன்று வாரம் ஆனது. மாற்றிய பிறகு அந்த வரிகள் என் நோட்டில் நின்றுவிட்டன. அந்தக் குழந்தை எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்தது. எட்டு நாளும் கூட இருந்த தாய்க்கு இரண்டு வீட்டு வேலை போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் வீட்டுப் பாட்டிக்குப் பிரஷர் மாத்திரையை நான் வெட்டித் தர ஆரம்பித்தேன். தண்ணீரில் தொடங்கியது எங்கே போய் நின்றது பாருங்கள். குழந்தையின் பேதி ஒரு பதிவேட்டில் இருக்கும், பாட்டியின் பிரஷர் வேறு பதிவேட்டில் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற காகிதம் எதுவும் இல்லை.

இதை வீட்டில் சொன்னபோது நர்சிங் படித்த என் மகள்தான் ஜான் ஸ்னோ கதையைச் சொன்னாள். 1854-இல் லண்டனில் சோஹோ பகுதியில் காலரா வந்து அறுநூறுக்கும் மேல் இறந்தார்கள். ஸ்னோ என்ற டாக்டர் சாவு விழுந்த வீடுகளை விசாரித்துக்கொண்டே போக, பெரும்பாலானவை பிராட் தெருவில் இருந்த ஒரு அடிபம்பைச் சுற்றியே இருந்தன. அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். பிறகு அந்தச் சாவுகளை அவர் வரைபடத்திலும் குறித்துக் காட்டினார். இது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. எனக்கு அதில் பிடித்த ஆள் இன்னொருவர். ஹென்றி வைட்ஹெட், அந்தப் பகுதியின் இளம் பாதிரியார். முதலில் ஸ்னோ சொன்னதை நம்பாமல், அது தப்பு என்று காட்டத்தான் வீடு வீடாகப் போனார். எல்லா வீட்டையும் அவருக்குத் தெரியும், மக்கள் அவரிடம் பேசினார்கள். போகப் போக ஸ்னோ சொன்னதுதான் சரி என்று அவருக்கே தெரிந்தது. பம்புக்குப் பக்கத்து வீட்டில் ஒரு கைக்குழந்தைக்குப் பேதி வந்து, அந்தத் துணி அலசிய தண்ணீர் உடைந்த கழிவுக்குழிக்குள் போய், அங்கிருந்து அந்தப் பம்பின் கிணற்றுக்குக் கசிந்தது என்று கண்டுபிடித்துச் சொன்னவர் அவர்தான். டாக்டரிடம் வரைபடம் இருந்தது, பாதிரியாருக்குத் தெரு தெரிந்திருந்தது. நம் ஊரில் அந்த இரண்டு பேரும் இன்னும் சந்திக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

லண்டன் வரைக்கும் போக வேண்டியதில்லை, சேத்துப்பட்டிலேயே பெரிய பாடம் இருக்கிறது. இன்றைய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956-இல் அங்கே தொடங்கியது. டிபி வந்தால் சானடோரியம் என்கிற தனி ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுக்க வைத்து, நல்ல காற்று, நல்ல சாப்பாடு கொடுத்தால்தான் குணமாகும் என்று உலகமே நம்பிய காலம். சென்னையின் நெரிசலான, ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வந்த நோயாளிகளைப் பிரித்து, பாதிப் பேருக்குச் சானடோரியத்திலும் பாதிப் பேருக்கு அவரவர் வீட்டிலும் ஒரு வருடம் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். 1959-இல் அந்த முடிவு வெளியானது. உலகம் முழுக்க டிபி வைத்தியத்தையே அது மாற்றியது.

அப்படியானால் வீடும் தெருவும் ஒரு பொருட்டே இல்லை, மருந்துதான் எல்லாம் என்று ஒருவர் கேட்கலாம். என்னிடம் கேட்டவர்களும் உண்டு. வந்த நோயை மருந்து குணப்படுத்தும், அதுவும் மருந்து இலவசமாக வீடு வரைக்கும் போய், சாப்பிடுகிறாரா என்று பார்க்க ஆளும் போனால். நோய் யாருக்கு வருகிறது என்பது வேறு கேள்வி. ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆய்வு 2023-இல் வெளிவந்தது. டிபி நோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு என்று உணவுப் பொருள் கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்களில் புதிதாக டிபி வருவது கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைந்தது. சாப்பாட்டுக்கு இவ்வளவு வலு இருக்கிறது என்றால், எந்தத் தெருவில் மாதக் கடைசியில் இரண்டு வேளைதான் உலை வைக்கிறார்கள் என்பதும் சுகாதாரத் துறை தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம்தானே?

டெங்குவும் அப்படித்தான். ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில் முட்டை போடும் என்பது இப்போது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். வீட்டில் டிரம்மைத் திறந்து வைத்தால் அபராதம் என்கிறார்கள். எங்கள் கிழக்குத் தெருக்களில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள். வாசலுக்கு வாசல் நீல டிரம் நிற்பது அதனால்தான். மேற்கே மாடியில் மூடிய டேங்க், கீழே மூடிய சம்ப். கொசுவுக்கு இடம் கொடுத்தது தண்ணீர் வருகிற முறை. அதைக் குறிக்காமல் காய்ச்சல் வந்த வீட்டை மட்டும் குறித்தால், அந்த வீட்டுக்காரர் மேல் பழி போடத்தான் அந்தப் படம் உதவும்.

கொரோனா வந்த 2020-ஐ நாங்கள் மறக்கவில்லை. மாநகராட்சி தினமும் 15 மண்டலங்களின் எண்ணிக்கையை வெளியிட்டது. பல வாரம் ராயபுரம் முதலிடத்தில் இருந்தது. வடசென்னைக்காரர்கள் சொன்னால் கேட்க மாட்டார்கள், முகக்கவசம் போட மாட்டார்கள் என்று பேசினார்கள். ஒரு அறையில் ஏழு பேர், பத்து வீட்டுக்கு ஒரு கக்கூஸ், தள்ளி நிற்க இடம் எங்கே இருந்தது? தெருவுக்குத் தகரம் அடித்தார்கள். தகரத்துக்கு அந்தப் பக்கம் இருந்து கையை நீட்டி மாத்திரை வாங்கினவர்களின் முகம் எனக்கு நினைவிருக்கிறது. அதனால் நான் கேட்கிற வரைபடத்தில் பெயர் இருக்கக் கூடாது, வீட்டு எண் இருக்கக் கூடாது. டிபி என்று வெளியே தெரிந்தால் வீட்டை காலி பண்ணச் சொல்கிற ஊர் இது. தெருவின் ஒரு துண்டு, இருபது முப்பது வீடு சேர்ந்த ஒரு கட்டம், அந்த அளவு போதும். அதைப் பார்க்கிற உரிமை அங்கே குடியிருப்பவர்களுக்கும் வேண்டும். அதிகாரியின் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தால் அது இன்னொரு தகரமாகிவிடும்.

ஒரு விஷயம் என்னை ரொம்ப உறுத்துகிறது. கால்வாய் ஓரத்திலிருந்து சில குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். எட்டு அடுக்குக் கட்டடம், உள்ளேயே கழிப்பறை. நல்லதுதான் என்று நானும் நினைத்தேன். போனவர்களில் ஒரு வயதான அம்மா இன்னும் மாதம் ஒரு முறை இரண்டு பஸ் மாறி என் கடைக்கு வருகிறார். முப்பது கிலோமீட்டர். இங்கே கோயில் வாசலில் பூ கட்டி விற்றவர். அங்கே பூ வாங்க ஆள் இல்லை. மாத்திரை அங்கேயும் கிடைக்குமே என்று கேட்டேன். "கிடைக்கும்பா, கடன் கிடைக்காதே" என்றார். இப்போது எங்கள் வார்டில் கால்வாய் ஓரத்தைப் பார்த்தால் நோய் குறைந்த மாதிரி இருக்கும். குறையவில்லை, அந்த அம்மாவோடு பஸ் ஏறிப் போயிருக்கிறது. இடத்தை மட்டும் குறிக்கிற வரைபடம் இதைக் காட்டாது. மாற்றிக் குடியமர்த்திய குடும்பங்களின் உடல்நிலையை, போன இடத்திலும் சில வருடம் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

இதற்குப் புதிதாக ஆள் எடுக்க வேண்டியதில்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொண்டு வருகிற பெண்களுக்கும், அங்கன்வாடி டீச்சருக்கும், கொசு மருந்து ஊற்ற வருகிற பிள்ளைகளுக்கும் என்னைவிட அதிகம் தெரியும். அவர்களிடம் எண்ணிக்கை மட்டும் கேட்கிறோம், ஏன் என்று கேட்பதில்லை. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியலில் குடிநீர், கழிப்பறை, கழிவுநீர், அறைகளின் எண்ணிக்கை, அடுப்பு எல்லாமே கேட்கப்படுகின்றன. அந்த விவரத்தையும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் விவரத்தையும் பெயர் நீக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் வார்டின் ஒவ்வொரு பகுதிக்கும் நடக்கிற பகுதி சபைக் கூட்டத்தில் மக்கள் முன்னால் காட்டச் சொல்லுங்கள். எங்கே குழாய் தாண்டுகிறது என்று கையால் கோடு போட்டுக் காட்ட ஒரு பெரியவர் அங்கே நிச்சயம் இருப்பார்.

என் அளவில் ஒரு சார்ட் பேப்பரில் எங்கள் பதினாறு தெருவை வரைந்து வைத்திருக்கிறேன். ஓஆர்எஸ்ஸுக்குப் பச்சைப் புள்ளி, இன்ஹேலருக்கு நீலம், வெட்டித் தந்த அட்டைக்குச் சிவப்பு. கொடுங்கையூர் குப்பைமேடு பற்றி எரிந்து புகை வருகிற நாட்களில் நீலப் புள்ளி எந்தத் தெருக்களில் கூடுகிறது என்று அதில் பார்க்கலாம். மாநகராட்சியிலிருந்தோ மருத்துவக் கல்லூரியிலிருந்தோ யார் வந்து கேட்டாலும் பெயர்களை மறைத்து நோட்டோடு கொடுக்கிறேன். காலை 8 மணிக்குக் கடை திறப்பேன். மதியம் 2 முதல் 4 வரை மூடியிருக்கும். இரவு 10 வரை இருப்பேன்.

போன செவ்வாய்க்கிழமை அதே சந்திலிருந்து இரண்டு பேர் ஓஆர்எஸ் வாங்கிப் போனார்கள். அதே பக்கம். புதன்கிழமை போய் அடிபம்பை அடித்துப் பார்த்தேன், முதல் குடம் லேசாக மஞ்சள். அன்றைக்கே மனு கொடுத்துவிட்டேன். இதை எழுதி முடிக்கும்போது நோட்டில் ஐந்து வரி ஆகியிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு மருந்துக் கடைக்காரர்,
வியாசர்பாடி, சென்னை – 39